கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் வைத்தியம்: மாட்டிப் பார்த்தேன்

கோடை வந்துவிட்டால் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கவலை வந்துவிடுகிறது. கேபினட்டைத் தொட்டால் சுடுகிறது, ஃபேன் இரைகிறது. தண்ணீரால் குளிர வைக்கும் கிட் ஒன்றை வாங்கி மாட்டினால் என்ன என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். விலை குறைந்த கிட் ஒன்றை நான்காயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்கி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டிலும், சிதம்பரம் மேல வீதிப் பக்கம் என் மைத்துனர் நடத்தும் வீடியோ எடிட்டிங் கடையிலும் மாட்டிப் பார்த்தேன். இரண்டு கம்ப்யூட்டர்களிலும் இருப்பது ஏஎம்டி ரைஸன் 5 3600 ப்ராசஸர் என்பதால் ஒப்பிடுவது எளிதாக இருந்தது.

இந்த கிட்டில் என்ன இருக்கிறது? ப்ராசஸரின் தலையில் உட்காரும் செம்புத் தகடும், அதனோடு சேர்ந்த சிறிய பம்ப்பும் ஒரு பக்கம். கார்களில் இருப்பது போன்ற சிறிய ரேடியேட்டரும் 120 மிமீ ஃபேனும் மறு பக்கம். இரண்டையும் இரண்டு ரப்பர் குழாய்கள் இணைக்கின்றன. திரவத்தைத் தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடிவிடுகிறார்கள். நீங்கள் எதையும் ஊற்ற வேண்டியதில்லை. தனித்தனியாக வாங்கி இணைக்கும் பெரிய கிட்களில்தான் நாமே ஊற்ற வேண்டும். அதற்கும் போர் தண்ணீர் கூடாது. அதில் உள்ள உப்பு செம்புத் தகட்டின் மெல்லிய வரிகளை அடைத்துவிடும். அதற்கென்று விற்கும் திரவத்தைத்தான் ஊற்ற வேண்டும்.

தண்ணீர் ஏன்? ஒரே கன அளவை எடுத்துக் கொண்டால், காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தாங்கி எடுத்துச் செல்லும் திறன் தண்ணீருக்கு உண்டு. பெரிய கம்ப்யூட்டர்களில் திரவக் குளிர்விப்பு பழைய விஷயம்தான். 1985ல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட் போர்டுகள் மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் மூழ்கியே இருந்தன. 2004ல் ஆப்பிள் நிறுவனம் தன் பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டரின் வேகமான மாடலில் திரவக் குளிர்விப்பைக் கொண்டு வந்தது.

பானைத் தண்ணீர் அல்ல

இங்கே ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். தண்ணீர் என்றதும் ஜில்லென்று இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்குக் காரணம், அது பானையின் துளைகள் வழியாகக் கசிந்து ஆவியாவதுதான். நெய்வேலி அனல் மின் நிலையத்தில் புகைபோல ஆவி கிளம்பும் அகலமான கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகித்தான் மீதித் தண்ணீர் குளிர்கிறது. நம் கிட்டில் திரவம் மூடிய குழாய்க்குள் சுற்றுவதால் ஆவியாக வழியில்லை. ஆகவே அறையின் வெப்பநிலைக்குக் கீழே அது ஒருபோதும் போகாது. அறை 36 டிகிரி என்றால் திரவம் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். ப்ராசஸரின் சூட்டை எடுத்து வந்து ரேடியேட்டர் வழியே அறையில் கொட்டுவது மட்டுமே இதன் வேலை.

மாட்டும்போது

கடைக்குப் போகும் முன் கேபினட்டின் பின்பக்கத்தை அளந்து பாருங்கள். பழைய, மலிவான கேபினட்களில் 80 அல்லது 92 மிமீ ஃபேனுக்குத்தான் துளை இருக்கும். 120 மிமீ ரேடியேட்டரை அதில் மாட்ட முடியாது. என் கேபினட்டில் இடம் இருந்தது.

பழைய ஹீட் சிங்க்கைக் கழற்றும் முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட விட்டேன். சூட்டில் தெர்மல் பேஸ்ட் இளகும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, நான்கு ஸ்குரூக்களையும் கழற்றி, ஹீட் சிங்க்கை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருகித் தூக்க வேண்டும். இந்த வகை ப்ராசஸர்கள், இறுகிய பேஸ்ட்டோடு ஒட்டிக் கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக் கொண்டு வரும். கால்கள் வளைந்தால் ப்ராசஸருக்கே ஆபத்து. இது ஒன்றுக்காகவாவது, முதல் முறை செய்பவர்கள் பக்கத்தில் அனுபவம் உள்ளவரை வைத்துக் கொள்ளுங்கள்.

புதிய பேஸ்ட் பட்டாணி அளவு போதும். செம்புத் தகட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிட வேண்டும். பம்ப்பின் வயரை, மதர் போர்டில் பம்ப்புக்கென்றே இடம் இருந்தால் அதில் செருகுங்கள். ரேடியேட்டரின் மேற்பகுதி பம்ப்பைவிட உயரத்தில் இருக்குமாறு மாட்டுங்கள். உள்ளே இருக்கும் சிறிதளவு காற்று மேலே போய்த் தங்கும். அது பம்ப்பில் தங்கினால் சத்தமும் வரும், பம்ப்பின் ஆயுளும் குறையும்.

என் வீட்டில் அறை 32 டிகிரி. ப்ராசஸருக்கு அரை மணி நேரம் முழு வேலை கொடுத்தேன். கம்பெனி கொடுத்த ஃபேனில் 86 டிகிரி வரை போனது, கிட்டில் 71ல் நின்றது. இரைச்சலும் குறைவு. முதல் நாள் மட்டும் குழாயில் களகளவென்று சத்தம் கேட்டது.

சிதம்பரத்தில்

என் வீட்டில் இது ஆசைக்குச் செய்த சோதனை. மைத்துனருக்கு அப்படி இல்லை. முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோக்களைக் குறித்த நாளில் கொடுத்தாக வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் அவர் கம்ப்யூட்டர் திணறும். சோதித்தபோது அறை 36 டிகிரி, ப்ராசஸர் 95 டிகிரி. இந்த ப்ராசஸருக்கு அதுதான் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காத்துக் கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். ஒரு வீடியோ முடிய 50 நிமிடம் ஆனது.

கிட்டைப் பிரிக்கும் முன் கேபினட்டைப் பார்த்தேன். மர மேசையின் மூடிய அறைக்குள், பின்பக்கம் சுவரை ஒட்டி நின்றது. ஹீட் சிங்க்கில் பஞ்சுபோல் தூசி. வெளியே எடுத்துத் தூசியை ஊதி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வைத்தேன். அவ்வளவுதான். 95 என்பது 88 ஆனது, அதே வீடியோ 42 நிமிடத்தில் முடிந்தது. ஒரு பைசா செலவில்லை.

பிறகு கிட்டை மாட்டினேன். 75 டிகிரி. ஆனால் நேரம் 40 நிமிடம். சூடு நன்றாகக் குறைந்ததே தவிர, வேகத்தில் கிடைத்தது இரண்டே நிமிடம். அடுத்து, 1,800 ரூபாய்க்கு வாங்கிய, செம்புக் குழாய்கள் கொண்ட உயரமான சாதாரண ஏர் கூலரைப் போட்டுப் பார்த்தோம். 77 டிகிரி, 40 நிமிடம்.

மைத்துனர் ஏர் கூலரையே வைத்துக் கொண்டார். "மாமா, பம்ப் நின்னுட்டா முகூர்த்த நேரத்துல நான் என்ன பண்றது? இதுல ஃபேன் போனா முந்நூறு ரூபாய்க்கு வாங்கி அன்னைக்கே மாட்டிடுவேன்" என்றார். அவர் சொன்னது சரி. மூடிய கிட்டில் திரவம் ஆண்டுகள் போகப் போக ரப்பர் வழியே மிகச் சிறிதளவு குறைந்து கொண்டே வரும். பெரும்பாலான கிட்களில் திரும்ப நிரப்ப முடியாது. அரிதாகக் கசிந்தால் மதர் போர்டும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து போகும். வாங்குவதாக இருந்தால், கசிவினால் கெடும் மற்ற பாகங்களுக்கும் வாரண்டி உண்டா என்று கடையில் கேட்டு, அட்டையில் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

என் கிட் இப்போது மஞ்சக்குப்பத்தில் ஓடுகிறது. கடலூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து ரேடியேட்டரின் அலுமினியத் தகடுகளில் பிசுபிசுப்பாகப் படியும். மாதம் ஒருமுறை கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் துடைக்கிறேன். துடைக்கும்போது குழாய் ரேடியேட்டரில் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈரமோ பிசுக்கோ இருந்தால் கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்யாமல் கிட்டைக் கழற்றி விடுங்கள். கம்பெனி கொடுத்த பழைய ஃபேனை அதற்காகவே டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.