கோழிக்கு எதுக்குங்க ஸ்கார்ஃப்?

குளிருக்கா, ஸ்டைலுக்கா? 2000-ஆம் ஆண்டு வந்த 'சிக்கன் ரன்' படத்தைப் போட்டு, கோழிகளின் கழுத்தை மட்டும் பாருங்கள். ஒன்றுக்கு ஸ்கார்ஃப், இன்னொன்றுக்குப் பாசிமணி! ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடலாமா? கோழியின் தலை பிளாஸ்டிசின் களிமண், உடம்பு சிலிகோன். இரண்டும் சேரும் இடம் கேமராவில் தெரிந்தால் மானம் போய்விடும். அதை மறைக்கத்தான் இந்த அலங்காரமெல்லாம்!

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மேன் ஸ்டுடியோவுக்கு இதுதான் முதல் முழுநீளப் படம். இயக்கியவர்கள் பீட்டர் லார்டும் நிக் பார்க்கும். பொம்மையைத் துளி அசைத்து ஒரு படம், மறுபடி துளி அசைத்து இன்னொரு படம் என்று ஒரு நொடிக்கு 24 பிரேம். ஓர் அனிமேட்டர் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தாலும் சில நொடிக் காட்சி தேறினால் அன்றைக்குத் தீபாவளி!

இவ்வளவு பாடுபட்டு என்ன கதை சொன்னார்கள்? சிறைச்சாலைப் படமான 'தி கிரேட் எஸ்கேப்'பைக் கோழிப்பண்ணைக்குள் கொண்டுவந்து, ஜோராக ஒரு வர்க்கப் போராட்டத்தை நடத்திக் காட்டிவிட்டார்கள். கார்ல் மார்க்ஸ் பார்த்திருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து விசிலடித்திருப்பார்.

1950-களின் யார்க்‌ஷயர். பண்ணை முதலாளி மிஸஸ் ட்வீடி. கோழிகளுக்குக் கிடைப்பது தீனி. இடும் முட்டையெல்லாம் அம்மாவின் கணக்குப் புத்தகத்துக்கு. உபரி மதிப்பு என்றால் என்ன என்று குழந்தைக்கும் விளங்கும்! முட்டை நின்றால்? எட்வினா என்ற கோழியின் கதி நமக்குத் தெரியும். கோடரி.

இத்தனைக்கும் அம்மாவுக்கு லாபம் போதவில்லை. முட்டையை விட்டுவிட்டு, மாவுக்குள் கோழிக்கறியை அடைத்துச் சுடும் பிரமாண்ட இயந்திரத்தை இறக்குகிறார். இயந்திரம் வந்ததும் முதலில் மாறுவது எது தெரியுமா? தீனித் தட்டு! அளவு கூடுகிறது. கோழிகளுக்கு ஒரே கொண்டாட்டம். கொழுக்க வைப்பது எதற்கென்று ஜிஞ்சர் என்ற கோழி ஒருத்திக்குத்தான் உறைக்கிறது.

வேலி வெளியே மட்டுமல்ல, நம் மண்டைக்குள்ளும் இருக்கிறது என்று ஜிஞ்சர் தோழிகளிடம் பொரிந்து தள்ளும் இடம் ஒன்று உண்டு. அடக்கப்பட்டவர்கள் அந்த நிலையையே இயல்பென்று ஏற்றுக்கொள்வதைப் பற்றி இத்தாலியச் சிந்தனையாளர் கிராம்சி சிறைக்குள் இருந்து பக்கம் பக்கமாக எழுதினார். இந்தப் படத்தில் அதற்கு பாப்ஸ் என்ற கோழி போதும். தனிச்சிறையிலிருந்து ஜிஞ்சர் திரும்பி வந்தால், 'லீவு முடிந்ததா?' என்கிற மாதிரி விசாரித்துவிட்டு, ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிடுகிறாள் அந்த அப்பாவி!

பக்கத்திலேயே இடைத்தரகர்கள். நிக், ஃபெட்சர் என்று இரண்டு எலிகள். எந்தச் சாமான் கேட்டாலும் கொண்டுவருவார்கள், கூலி முட்டையாக வேண்டும்! அப்புறம் ஃபவுலர் என்ற கிழச் சேவல். விமானப்படை மெடலும் பழம்பெருமையும்தான் சொத்து. வர்க்கம் வேறு, அந்தஸ்து வேறு என்றார் மாக்ஸ் வெபர். ஃபவுலர் அந்த வாக்கியத்துக்கு முளைத்த கொண்டை! தப்பிப்பதற்காகக் கோழிகள் கட்டிய விமானம் புறப்படும் நேரம் பார்த்து, தான் விமானம் ஓட்டியதே இல்லை, படைக்கு ராசிச் சேவலாக இருந்ததோடு சரி என்று குண்டைத் தூக்கிப் போடுகிறாரே, அங்கே தியேட்டர் அதிரும்.

எனக்குப் பிடித்த குறும்பு வேறொன்று. கோழிகள் கூடிக் கூடிச் சதி செய்கின்றன என்று மிஸ்டர் ட்வீடி புலம்பிக்கொண்டே இருக்கிறார். மனைவி நம்பவே மாட்டார். கோழியாவது, யோசிப்பதாவது! உழைப்பவருக்கு மூளை உண்டு என்பதை நம்ப மறுப்பதுதான் முதலாளியைக் கடைசியில் கவிழ்க்கிறது.

ஜிஞ்சர் தனியாகத் தப்ப நினைத்திருந்தால் படம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். எல்லோரும் போகவேண்டும் என்பது அவள் பிடிவாதம். கொட்டகையையே பிரித்து, அந்தக் கட்டைகளால் விமானம் கட்டுகிறார்கள். ஒரே நிலையில் இருப்பவர்கள் தங்களுக்காகத் தாங்களே அணிதிரளும்போதுதான் முழு அர்த்தத்தில் வர்க்கம் ஆகிறார்கள் என்ற மார்க்ஸின் வாதத்துக்கு இறக்கை முளைத்துப் பறக்கிறது!

இனி, திரைக்குப் பின்னால் நடந்த நிஜ கிளைமாக்ஸ். கோழிகளை விரலால் பிடித்துப் பிடித்து நகர்த்தினார்களே, அந்தத் தொழிலாளர்களின் கதை என்ன ஆனது? 2018 நவம்பரில், இதே பீட்டர் லார்டும் அவரோடு ஆர்ட்மேனைத் தொடங்கிய டேவிட் ஸ்ப்ராக்ஸ்டனும் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை ஊழியர்களுக்கான அறக்கட்டளைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இன்றைக்கு ஆர்ட்மேனில் முட்டை, இடுபவர்களுக்கே சொந்தம்!