ஒலிக்கும் ஓர் எடைக்கல்

ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஹெப்பகோடியில் தொழிற்கூடங்களும் வீடுகளும் அருகருகே அமைந்துள்ளன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், பகல் நேரத்தில் தொழிற்பகுதிக்கு 75 டெசிபலையும் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபலையும் வரம்பாக வகுத்துள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இவை 70, 45 எனக் குறையும். ஒரு குடியிருப்பில் பகலில் அளந்தபோது ஒலிமானி 56 காட்டியது எனக் கொள்க. வரம்பு மீறப்பட்டதா, கருவி பிழைபட்டதா? பட்டறை உரிமையாளருக்கும் பக்கத்து வீட்டு முதியவருக்கும் இந்த ஒரு டெசிபலே வழக்காகிவிடும்.

மளிகைக் கடைத் தராசு சரியா என்பதை முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துச் சோதிப்பர். ஒலிமானிக்கும் அத்தகைய எடைக்கல் உண்டு. அதன் பெயர் காலிபரேட்டர். உள்ளங்கையில் அடங்கும் அதன் துளையில் ஒலிமானியின் ஒலிவாங்கியைச் செருகி விசையை அழுத்தினால், 1000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 94 டெசிபல் அளவுள்ள சீரான ஒலி எழும்.

94 என்னும் எண் விந்தையாகத் தோன்றலாம். மனிதச் செவி உணரும் மிக மெல்லிய ஒலியின் அழுத்தம் 20 மைக்ரோபாஸ்கல் எனக் கொள்ளப்படுகிறது. அதுவே சுழியம் டெசிபல். அதனினும் 50,000 மடங்கான ஒரு பாஸ்கல் அழுத்தத்தை டெசிபலில் கணக்கிட்டால் 94 கிடைக்கும். 1000 ஹெர்ட்ஸைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. தாழ்ந்த சுருதியைச் செவி குறைவாகவே உணர்வதால், ஒலிமானியும் அதற்கேற்பக் கழித்துக் காட்டும். 1000 ஹெர்ட்ஸில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை.

ஒலிமானி 93.6 காட்டினால் அதனை 94க்குத் திருத்திய பின்னரே அளக்கத் தொடங்குவர். முடிந்ததும் மீண்டும் சோதிப்பர். அரை டெசிபலுக்கு மேல் விலகியிருப்பின் அந்த அளவீடுகள் தள்ளப்படும். காலிபரேட்டரும் பழுதாகக் கூடியதே. ஆதலால் அதுவும் குறித்த காலத்தில் ஆய்வகச் சோதனைக்கு உட்படும். நாட்டின் அளவைத் தரங்களைப் பேணுவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

ஒலிப்பதிவுக்கும் இதுவே முறை. முதலில் 94 டெசிபல் ஒலியைச் சிறிது நேரம் பதிவு செய்வர். பிறகு ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழைத் தொடுவதில்லை. பின்னாளில் அப்பதிவைக் கேட்பவர், தொடக்க ஒலியோடு ஒப்பிட்டு மற்றவற்றை அளந்துவிடலாம். கைப்பேசியோ மெல்லிய ஒலியைத் தானே உயர்த்தி, பேரொலியைத் தாழ்த்திப் பதிவு செய்வது வழக்கம். ஒலி எழுந்தது என்பதற்கு அது சான்றாகும். எவ்வளவு என்பதற்கு ஆகாது.

பிஸ்டன்ஃபோன் என்பது மற்றொரு வகைக் கருவி. சிறு உந்துதண்டுகள் அதன் அறைக்குள் காற்றை நெருக்கி, 250 ஹெர்ட்ஸில் 124 டெசிபல் ஒலியை எழுப்பும். ஆயின் 124 என்பது கடல் மட்டக் காற்றழுத்தத்திற்கு உரிய கணக்கு. சென்னைக்கு அது பொருந்தும். பெங்களூரு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றழுத்தம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே கருவி இங்கு 123.1 டெசிபல் அளவிலேயே ஒலிக்கும். இதனை அறியாது அவ்வொலியை 124 எனக் கொண்டு ஒலிமானியைத் திருத்தினால், ஹெப்பகோடியில் உண்மையில் 55 டெசிபலாக உள்ள ஒலி ஏறத்தாழ 56 எனத் தோன்றும். எனவேதான் பிஸ்டன்ஃபோன் பெட்டிக்குள் ஒரு சிறிய காற்றழுத்தமானியையும் உடன் வைத்திருப்பர். அது காட்டும் திருத்தத்தைக் கணக்கில் சேர்த்த பின்னரே ஒலிமானியை முடுக்குவர்.