பார்க்கின்சன் நோய்க்கு உடற்பயிற்சி ஏன் உதவுகிறது?

கை நடுக்கம், தசை இறுக்கம், மெதுவாகிப்போன நடை. பார்க்கின்சன் நோயின் இந்த அறிகுறிகளுக்கு வேர் நடுமூளையில் இருக்கிறது. அங்கே டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிகின்றன. டோபமின் குறைந்தால், நினைத்த அசைவைத் தொடங்கவே உடல் தடுமாறும். லெவோடோபா மாத்திரை அந்தக் குறையை ஈடுகட்டும். ஆனால் அணுக்கள் அழிவதை அது நிறுத்துவதில்லை.

உடற்பயிற்சியால் என்ன ஆகும்?

நெதர்லாந்தில் 130 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு பிரிவினர் ஆறு மாதம் வீட்டிலேயே உடற்பயிற்சி சைக்கிள் மிதித்தனர். மற்றவர்கள் தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தனர். மருந்தின் வேகம் அடங்கிய நேரத்தில் சோதித்தபோது, சைக்கிள் மிதித்தவர்களின் அசைவுத்திறன் குறைவாகவே சரிந்திருந்தது.

எப்படி?

டோபமின் இழப்பு, மூளையின் புட்டாமென் பகுதியில் பின்பக்கத்தையே முதலில் அதிகம் தாக்குகிறது. சைக்கிள் மிதித்தவர்களின் மூளைப் படங்களில், பாதிப்பு குறைந்த முன்பக்கத்துக்கும் அசைவை ஆளும் புறணிக்கும் இடையிலான தொடர்பு வலுத்திருந்தது. பழுதான சாலைக்கு மாற்றுப்பாதை திறந்ததைப் போன்றது இது. நரம்பணுக்களைக் காக்கும் பி.டி.என்.எஃப் புரதம் உடற்பயிற்சியால் பெருகுவதை விலங்கு ஆய்வுகளும் காட்டியுள்ளன.

எவ்வளவு செய்யலாம்?

இதயத் துடிப்பு நன்றாக உயரும் அளவுக்கு, வாரத்தில் மூன்று நான்கு நாள். விழும் அபாயம் உண்டு. ஆகவே மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். மாத்திரையையும் விடக்கூடாது. நோய் தெரிந்த நாளிலேயே மருந்துச்சீட்டோடு உடற்பயிற்சியையும் எழுதித் தருவது ஒவ்வொரு மருத்துவமனையிலும் வழக்கமாக வேண்டும்.