முளைகட்டிய கேழ்வரகும் நொதி செய்யும் வேலையும்



கூட்டங்களுக்குப் போகும்போது கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் எங்களிடம் அடிக்கடி சொல்வது இது: "கேழ்வரகுக் கஞ்சியைக் கெட்டியா காச்சுனா புள்ள துப்பிடுது. தண்ணியா கரைச்சாத்தான் குடிக்குது." தண்ணீர் கூடினால் வயிறு நிறையும், ஆனால் உள்ளே போகும் மாவு குறைவு. குழந்தைக்கு எடை ஏறாததற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கு முளைகட்டிய கேழ்வரகில் வழி இருக்கிறது.

நொதி என்றால் என்ன?

என்சைம் என்று சொல்லப்படும் நொதிகள் எல்லா உயிர்களிலும் உள்ளன. பூட்டுக்கு ஏற்ற சாவி போல, ஒவ்வொரு நொதியும் தனக்குப் பொருந்தும் பொருளில்தான் வேலை செய்யும். வேலை முடிந்தாலும் தீர்ந்து போகாது, அடுத்ததை உடைக்கப் போய்விடும். அதனால் கொஞ்சம் இருந்தாலே போதும். சோற்றை நன்றாக மென்றால் இனிக்குது இல்லையா? எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதுதான் காரணம்.

விதை முளைக்கும்போதும் குருத்துக்கு உணவு வேண்டும். அதற்காக விதைக்குள்ளேயே அமைலேஸ் உண்டாகிறது. 1833-ல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பாயன், பெர்சோ என்ற இருவர் இந்த நொதியைப் பிரித்தெடுத்ததும் முளைத்த பார்லியிலிருந்துதான்.

எப்படிச் செய்வது?

கேழ்வரகை ஒரு இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டுங்கள். முளை விட்டதும் நன்றாகக் காயவைத்து, இளஞ்சூட்டில் லேசாக வறுத்து அரையுங்கள். பூஞ்சை பிடித்தால் கொட்டிவிடுங்கள்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு, சாதாரண மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி இறக்குங்கள். கொதி அடங்கிய பிறகு, சூடு இருக்கும்போதே ஒரு டீஸ்பூன் முளைமாவு போட்டுக் கிளறுங்கள். சில நிமிடத்தில் தண்ணீர் ஊற்றாமலே இளகிவிடும். கிருமி சாக மறுபடி ஒரு கொதி விட்டு, ஆறவைத்து ஊட்டுங்கள்.

கவனம் தேவை

ஒரு குழுவில் வாசனைக்காக முளைத்த கேழ்வரகைச் சிவக்க வறுத்துவிட்டார்கள். மாவு மணந்தது, கஞ்சி இளகவில்லை. அதிகச் சூட்டில் நொதியின் உருவம் குலைந்துவிடும். வளைந்த சாவி பூட்டைத் திறக்குமா? கொதிக்கிற கஞ்சியில் முளைமாவைப் போட்டாலும் இதே கதைதான்.

சத்துமாவு விற்கும் குழுக்கள் ஒவ்வொரு முறை அரைத்ததும் இரண்டு டம்ளர் கெட்டிக் கஞ்சி எடுத்து, ஒன்றில் மட்டும் முளைமாவு கலந்து பாருங்கள். இளகினால்தான் அது குழந்தைக்கு உதவும் முளைமாவு. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்ப்பதையும் விடாதீர்கள்.