'குணா' பாட்டின் காசு யாருக்கு?

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்தில் 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டைச் சேர்த்ததற்காக இளையராஜா 2024-இல் 15 நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். "டைட்டிலில் அவர் பெயரைப் போட்டார்களே, பிறகென்ன?" என்று எனக்கு வந்த கடிதங்களில் பாதி கேட்டன, "அவர் பாட்டை அவரைக் கேட்காமல் எப்படித் தொடலாம்?" என்று மீதி. பெயர் போடுவது நன்றி. அது அனுமதி ஆகாது. ஆனால், அனுமதியை இளையராஜாவிடம்தான் வாங்க வேண்டுமா என்பதில்தான் விவகாரமே இருந்தது.

உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் வாங்கிவிட்டோம் என்றது தயாரிப்புத் தரப்பு. அது உண்மையாகவே இருந்தாலும் பாதி பதில்தான். சம்பளம் கொடுத்துப் பாட்டுப் போடச் சொன்ன தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படித்தான் பாட்டுகள் தயாரிப்பாளர் கைக்கும், அங்கிருந்து ஆடியோ கம்பெனிக்கும் போயின. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள்: பாட்டை விற்றாலும் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் ராயல்டியை எழுதிக்கொடுக்க முடியாது, உரிமையை வாங்கியவர் ராயல்டியை அவர்களோடு சமமாகப் பங்கிட வேண்டும்.

ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்தார்கள். படத்தோடு சேர்ந்து தியேட்டரில் ஓடும்போது ராயல்டி கிடையாது. டிவி, ஓடிடி, செல்போன் எல்லாவற்றுக்கும் உண்டு, தியேட்டருக்கு இல்லை. என்னை உறுத்துவது இதுதான். கொடைக்கானல் குணா குகையிலிருந்து நண்பனை மீட்கும் கட்டத்தில் அந்தப் பாட்டு எழும்போது தியேட்டரே எழுந்து கைதட்டியது. தமிழ்நாட்டு வசூல் மட்டும் 50 கோடியைத் தாண்டியது. 1991-இல் 'குணா'வுக்காகப் போட்ட பாட்டு, 33 ஆண்டு கழித்து வேறொருவர் படத்துக்குக் கூட்டம் சேர்க்கும்போதும் அந்த விலக்கு செல்லுமா? செல்லக்கூடாது என்பதே என் கருத்து. 2012-இன் பாதுகாப்பு 1991 ஒப்பந்தத்துக்கு எட்டுமா என்பதையும் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

மற்ற கேள்விகள்:

பாடிய கமலுக்கும் ஜானகிக்கும்? பாடகர் உரிமை சட்டத்துக்குள் வந்ததே 1994-இல்; பாட்டோ 1991-இல் வந்தது.

பாட்டை எழுதிய வாலி 2013-இல் மறைந்துவிட்டாரே? வரிகளின் பதிப்புரிமை 2073 முடியும்வரை உண்டு.

கொடைக்கானல் ஓட்டல்களில் அந்தப் பாட்டைப் போடலாமா? உரிமம் வாங்கிப் போடலாம்.

கொடைக்கானலுக்குப் பங்கு? இடத்துக்குப் பதிப்புரிமை இல்லை.

முதல் படத்துக்குக் கையெழுத்துப் போடப்போகும் இசையமைப்பாளர்களும் பாடலாசிரியர்களும் ஒன்றைச் செய்யுங்கள். ராயல்டியை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், அதை அடிக்கச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுங்கள்.