எடைக்கு ஒரு விலை, எண்ணுக்கு ஒரு விலை

தெற்கே ஓடிவரும் சோழமண்டலக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் இடம் கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணக் கரை. இந்த மூலையில் தங்கம் இரவில் வந்து இறங்கிய காலம் ஒன்று உண்டு. 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். புது நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. 1968-இல் கட்டுப்பாடு தனிச் சட்டமாயிற்று. 1990-இல் அது விலக்கப்படும்வரை, பத்துத் தோலா பிஸ்கட்டுகள் தோணியில் வந்த கதைகள் வேதாரண்யம் பக்கத்துத் திண்ணைகளில் குறைவில்லாமல் புழங்கின. ஒரு பிஸ்கட் 116 கிராம் சொச்சம்.

அந்தப் பிஸ்கட்டுக்கு வயதும் கிடையாது, வரலாறும் கிடையாது. உருக்குவதற்கென்றே வந்த தங்கம். எடை என்ன, மாற்று என்ன என்று கேட்டுவிட்டால் அதைப் பற்றிக் கேட்க வேறொன்றும் இல்லை. பழங்காசையும் நம் காவிரி டெல்டா நெடுங்காலம் இந்த இரண்டு கேள்விகளோடுதான் பார்த்துவந்தது. இன்று மும்பையிலோ நியூயார்க்கிலோ ஒரு பொற்காசு ஏலத்துக்கு வந்தால் கேட்கப்படுபவை வேறு கேள்விகள். எத்தனை அச்சிட்டார்கள், எத்தனை மிஞ்சின, இதன் மேல் எத்தனை கைகள் பட்டன என்பவை அவை. தங்கத்தின் எடையைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். சில சமயம் கேட்பதே இல்லை.

எடையை நம் முன்னோர் சாதாரணமாக எண்ணவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனும் குந்தவையும் கொடுத்த பொன் ஒவ்வொன்றும் ‘ஆடவல்லான்’ என்ற கல்லால் நிறுத்துப் பதியப்பட்டிருக்கிறது. ஒரு கழஞ்சுக்கு 20 மஞ்சாடி, ஒரு மஞ்சாடிக்கு 2 குன்றி என்று கடைசிக் குன்றிமணிவரை கணக்கு உண்டு. கடல் வழியே ஈழத்துப் பொன்னும் வந்தது. சோழர் கல்வெட்டுகளில் ஈழக்காசு பேசப்படுகிறது. ஒருபுறம் நின்ற உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம் என்ற ஈழத்துக் காசின் அமைப்பையே ராஜராஜன் காசுகளிலும் காண்கிறோம். ஆனால் கோயில் பண்டாரத்துக்கு அந்த உருவம் ஒரு பொருட்டல்ல. உரைகல்லில் தேய்த்து, விழுந்த கோட்டின் நிறத்தை மாற்றுத் தெரிந்த ஆணியின் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் காசின் தகுதி முடிவாகிவிடும்.

பின்னால் வந்த வராகன் என்ற பொற்காசுகளின் காலத்திலும் இதே கதைதான். 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள் அங்கே வராகன் அடித்தார்கள். பறங்கிப்பேட்டை வராகன் ஒன்று, சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினி அடித்த நட்சத்திர வராகன் ஒன்று, தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் வராகன் ஒன்று எனக் கடைத்தெருவில் பல வராகன்கள் ஒரே நேரத்தில் உலவின. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. மாற்றுதான் வேறு வேறு. காசு மாற்றும் சராப்புக்காரர் அவற்றைப் பிரித்து, மாற்றுத் தாழ்ந்ததற்கு வட்டம் என்ற கழிவு கட்டி எடுத்துக்கொண்டார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் சிறு வெட்டு, அல்லது ஒரு குத்து. அந்தக் குத்துதான் காசுக்குக் கிடைத்த நற்சான்று. அதைப் பார்த்து அடுத்தவர் நம்பி வாங்கினார். இன்றைய மதிப்பீட்டாளர் அதே குத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சேதம் என்று எழுதுகிறார்.

பிறகு சவரன் வந்தது. நாம் பவுன் என்று வழங்கும் அந்தக் காசு 7.98 கிராம், 22 காரட். 1899-இல் இந்திய அரசு அதை 15 ரூபாய்க்குச் செல்லும் நாணயமாக ஏற்றது. முதல் உலகப் போர்க் காலத்தில், 1918-இல், பம்பாயிலேயே சவரன் அச்சிட்டார்கள். 12,95,372 காசுகள். லண்டன் காசுக்கும் இதற்கும் வேறுபாடு ஒரு சிறிய எழுத்துதான். குதிரையின் கீழே தரைக்கோட்டில் பொறித்த ‘ஐ’. மிராசுதார் வீட்டுப் பெண்களின் காசுமாலைக்குப் போன சவரன்களில் ராணித்தலை எது, ராஜாத்தலை எது என்பதுவரை பெயர் சொல்லிப் பிரித்தார்கள். எந்த வருஷம், எந்த ஊர் அச்சு என்று யாரும் பார்க்கவில்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலிலிருந்து இறங்கிய மலாயாக்காரர்களின் இடுப்பு முடிச்சில் வந்த காசையும் பத்தர் வாங்கி, தலைமேல் ஒரு வளையம் பொடிவைத்து ஊதி, மாலையில் கோத்தார். நல்ல நாள் வந்தால் பூந்திக்கொட்டை நுரையில் ஊறவைத்துத் தேய்த்து எடுப்பார்கள். காசு பளபளத்தால்தான் வீட்டுக்கு மரியாதை.

1930-களின் தொடக்கத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது, நிலவரி விழவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அளவையைக் கைவிட்டதும் ரூபாயில் தங்கத்தின் விலை ஏறிற்று. வரி கட்டவும் வட்டி கட்டவும் காசுமாலைகள் அவிழ்ந்தன. நாடு முழுவதிலுமிருந்து திரண்ட அந்தத் தங்கம் பம்பாய் வழியாக லண்டனுக்குக் கப்பலேறியது. எத்தனை வராகன், எத்தனை முகலாய மொகரா, எத்தனை அரிய வருஷத்துச் சவரன் உருக்கும் மூசைகளில் கரைந்தன என்பதற்குப் பதிவில்லை. காசு ஆய்வாளர் தேசிகாச்சாரியார் தென்னிந்தியக் காசுகள் பற்றிய தம் நூலை வெளியிட்டது 1933-இல். படித்து அடையாளம் காண ஒரு நூல் வருவதற்குள், அடையாளம் காண வேண்டியவற்றில் கணிசமான பங்கு உருகிவிட்டிருந்தது.

அதே 1933-இல் அமெரிக்காவிலும் மூசை எரிந்தது. ஏப்ரல் 5 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணைப்படி மக்கள் தங்கக் காசுகளை வங்கியில் ஒப்படைக்க வேண்டும். தலைக்கு 100 டாலர்வரை வைத்துக்கொள்ளலாம். அவுன்ஸ் 20.67 டாலராக இருந்த தங்கம் அடுத்த ஜனவரியில் 35 டாலர் ஆக்கப்பட்டது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு, அது பெரிய வேறுபாடு. அந்த ஆணையிலேயே, சேகரிப்போர் மதிக்கும் அரிய காசுகளுக்கு விலக்கு இருந்தது. உருக்கும் கையே ஓர் ஓரத்தில் ஒதுக்கியும் வைத்தது. நம் பக்கத்தில் ஒதுக்க ஆளில்லை. வரி வாய்தா அதற்கெல்லாம் காத்திருக்கவும் இல்லை.

அமெரிக்காவின் 20 டாலர் பொற்காசை இரட்டைக் கழுகு என்பார்கள். 33.4 கிராம், நம் நாலு பவுனைச் சற்றே தாண்டும். 1927-இல் டென்வர் அச்சகம் இத்தகைய காசுகள் 1,80,000 அடித்தது. இன்று கணக்கில் இருப்பவை இருபதுக்கும் குறைவு. மற்றவை 1933-க்குப் பின் உருகின. ஏலத்துக்கு வந்தால் ஒன்று இருபது லட்சம் டாலரைத் தாண்டி விற்கிறது. 1933-ஆம் ஆண்டுக் காசின் கதை இன்னும் விசித்திரம். 4,45,500 அடித்தும் ஒன்றுகூட வெளியிடப்படவில்லை. 1937-இல் எல்லாவற்றையும் உருக்கியபோது சில காசுகள் எப்படியோ வெளியேறியிருந்தன. அவற்றில் ஒன்று எகிப்து மன்னர் ஃபாரூக்கிடம் போயிற்று. அது 1996-இல் நியூயார்க் விடுதி ஒன்றில் பிடிபட்டு, வழக்காடி, 2002-இல் 75,90,020 டாலருக்கு ஏலம் போனது. கடைசியில் நிற்கும் அந்த 20 டாலர், காசை அன்றுதான் முறைப்படி வெளியிடுவதாகச் சொல்லி அரசு வாங்கிக்கொண்ட முகமதிப்பு. 2021 ஜூனில் அதே காசு சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய டாலர் விகிதத்தில் ஏறத்தாழ 137 கோடி ரூபாய். பவுன் 80,000 ரூபாய் என்று வைத்தாலும் அதிலுள்ள தங்கம் ஏறத்தாழ மூன்றேகால் லட்ச ரூபாய்தான் தேறும்.

இந்த விலைகளுக்கு ஒரு படிக்கட்டு வேண்டியிருந்தது. பழைய அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ‘நல்லது’, ‘நேர்த்தி’, ‘புழங்காதது’ என்று வாய்ச்சொல்லால் தரம் பிரித்தார்கள். விற்பவருக்கு நேர்த்தியாகத் தெரிந்தது வாங்குபவருக்கு வெறும் நல்லதாகத் தெரியும். 1949-இல் வில்லியம் ஷெல்டன் ஒன்றிலிருந்து எழுபதுவரை எண்ணால் ஓர் அளவுகோல் வகுத்தார். அது பொற்காசுக்கானதே அல்ல, பழைய செப்புச் சென்ட்டுகளுக்கானது. அந்த எண் முதலில் விலையின் மடங்காகவே இருந்தது: தேய்ந்து அடையாளம் மட்டும் தெரியும் காசு ஒரு டாலர் என்றால், குறையே இல்லாதது எழுபது டாலர். விலை விகிதம் சில ஆண்டுகளில் குலைந்துபோயிற்று, எண்கள் மட்டும் தங்கிவிட்டன. 1986-இல் பிசிஜிஎஸ், 1987-இல் என்ஜிசி என்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் தோன்றின. காசு யாருடையது என்று தெரியாமலே மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாகப் பார்த்து எண் சொல்ல, காசு பிளாஸ்டிக் உறைக்குள் நிரந்தரமாக மூடப்படுகிறது. அறுபதும் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாதது. அறுபத்தைந்துக்கும் அறுபத்தாறுக்கும் இடையே சாதாரணக் கண்ணுக்கு எதுவும் தெரியாது; விலையில் அது ஒரு வீட்டின் வித்தியாசமாக இருக்கலாம். இதில் கொஞ்சம் பைத்தியக்காரத்தனம் கலந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கண்ணால் காணாத காசைக் கண்டம் தாண்டி ஒருவர் நம்பி வாங்க முடிவது அந்த உறையால்தான் என்பதையும் மறுக்க முடியாது. சராப்புக்காரரின் குத்து செய்த வேலையை இன்று உறை செய்கிறது, காசின் மேல் கை வைக்காமல்.

ஆளே தொடாத காசு எங்கே கிடைக்கும் என்றால், சில சமயம் கடலில். 1857 செப்டம்பரில் கரோலினா கடற்பகுதியில் புயலில் மூழ்கிய ‘சென்ட்ரல் அமெரிக்கா’ கப்பலை 1988-இல் கண்டுபிடித்தார்கள். அவ்வருஷமே சான் பிரான்சிஸ்கோவில் அடித்த இரட்டைக் கழுகுகள் ஐயாயிரத்துக்கும் மேல் மேலே வந்தன. 130 ஆண்டு உப்புநீர் தங்கத்தை ஒன்றும் செய்யவில்லை. நல்ல நிலையில் கிடைப்பதற்கு அரிதாக இருந்த அந்த வருஷத்துக் காசு, அந்தக் காலத்துக் காசுகளுள் நல்ல நிலையில் எளிதாகக் கிடைப்பதாக மாறியது.

இந்தியாவிலும் இப்போது ஏலம் சூடுபிடித்திருக்கிறது. மும்பையில் டோடிவாலா, பெங்களூரில் மருதர் ஆர்ட்ஸ், அகமதாபாதில் கிளாசிக்கல் நியூமிஸ்மாடிக் கேலரி என ஏல நிறுவனங்கள் வண்ணப் பட்டியல் அச்சிட்டு முகலாய மொகராவையும் நம் வராகனையும் பணம் என்ற சிறு பொற்காசையும் விற்கின்றன. முன்பு பத்தரின் மூசைக்குப் போயிருக்கக்கூடிய சோழர் பொற்காசு படமெடுக்கப்பட்டு, எடை, எழுத்து, முந்தைய உரிமையாளர் விவரத்தோடு பதிவாகிறது. இது வெறும் வியாபாரம் அல்ல. படத்தோடு அச்சான பட்டியல், ஆராய்ச்சியாளருக்கு ஆவணம். ஆனால் சட்டத்தின் எல்லைகள் உண்டு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் அன்று ஒரு சவரனுக்குச் சற்றுக் குறைவு. இன்று ஒரு தேநீர். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் நூறு ஆண்டு கடந்த காசைத் தொல்பொருள் என்கிறது. தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அமெரிக்கக் காசுக்கு உலகமே சந்தை. இங்கிருக்கும் நாகப்பட்டினத்து வராகனுக்கு இந்தியாதான் சந்தை. என்றோ டச்சுக் கப்பலில் போய்விட்ட அதன் உடன்பிறப்புக்கு ஐரோப்பிய ஏலம் திறந்திருக்கிறது.

மாற்றுப் பார்க்கும் முறையும் மாறிவிட்டது. நகைக்கடையில் உரைகல்லைக் காண்பது அரிது; எக்ஸ்ரே கருவி சில வினாடிகளில் 91.6 என்று காட்டுகிறது. 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்து ஹால்மார்க் எண் இல்லாத நகையைக் கடைகள் விற்கக் கூடாது. ஏமாற்று குறைந்தது, அதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. காசுமாலை இன்றும் கல்யாணத்துக்கு வாங்கப்படுகிறது. அதில் கோத்திருப்பவை தகடாக அடித்த லட்சுமி காசுகள், எங்கும் செலாவணியாகாதவை. பழைய மாலையில் ஒவ்வொரு காசும் தனியே கழன்றால் தானே ஒரு பணம். நடவுச் செலவுக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று என்று கழற்றி, அறுவடைக்குப் பின் திரும்பக் கோத்த வீடுகள் டெல்டாவில் உண்டு.

அப்படித் தப்பிய மாலை ஏதாவது ஒரு வீட்டில் இன்றும் இருக்கும். அதில் பம்பாய் அச்சுச் சவரன்கூட இருக்கலாம். அதை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினால் எண் கிடைக்காது. தலைமேல் வளையம் பொடிவைத்து ஊதியதும் நுரைபோட்டுத் தேய்த்ததும் குறையாகவே எழுதப்படும். அத்தகைய காசுக்கு ஏலத்தில் கிடைப்பது பெரும்பாலும் தங்கத்தின் விலையும் அதற்கு மேல் கொஞ்சமும்தான். ஆகவே மாலை ஏலத்துக்குப் போவதில்லை. மகள்களுக்குள் பங்காகும்போது தராசுக்குப் போகிறது. அன்று பொடிக்கு ஒரு குன்றிமணி எடை கழித்தார்கள். இன்று நூறு இருநூறு மில்லி கழிக்கிறார்கள்.