துவாரகை போகிறீர்களா? நராராவுக்கு நேரம் பார்த்துப் போங்கள்!

பம்பாயில் இருக்கும் நம்மவர்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது துவாரகை போய் வருகிறார்கள். மும்பை சென்டிரலில் இரவு சௌராஷ்டிரா மெயில் ஏறினால் மறுநாள் முற்பகலில் ஜாம்நகர். இன்னும் சில மணி நேரத்தில் துவாரகை. கோவில், கோமதி நதி, பேட் துவாரகை, நாகேஸ்வரம் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். போகிற வழியில் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, இந்தியாவின் முதல் கடல் தேசியப் பூங்கா இருப்பது பலருக்குத் தெரியாது.

தெரிந்து போனவர்களில் பாதிப் பேர் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அந்தப் பாதியில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கட்ச் வளைகுடாவின் தென்கரையில், ஓகா தொடங்கி ஜோடியா வரையுள்ள கடலோரத்தை 1980-ல் கடல் சரணாலயமாக அறிவித்தார்கள். 1982-ல் அதில் ஏறக்குறைய 163 சதுர கிலோ மீட்டர் தேசியப் பூங்கா ஆயிற்று. மொத்தம் 42 தீவுகள். பவளப் பாறைகள், அலையாத்திக் காடுகள், கடல் ஆமைகள் என்று பெரிய உலகம் அது. சாதாரண மனிதன் படகு இல்லாமல், நீந்தத் தெரியாமல், காலால் நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய இடம் நராரா. ஜாம்நகரிலிருந்து துவாரகை சாலையில் போய் வாடினார் பக்கம் திரும்ப வேண்டும். ஏறத்தாழ 60 கிலோ மீட்டர்.

"பவளப் பாறையை நடந்து போய்ப் பார்ப்பதா?" என்று தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்து வாசகர்கள் கேட்கலாம். நம் மன்னார் வளைகுடாவிலும் கடல் தேசியப் பூங்கா உண்டு. அங்கே 21 தீவுகள். ஆனால் அங்கே கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டர்கூட இராது. பார் எப்போதும் தண்ணீருக்கு அடியிலேயே கிடக்கும். கட்ச் வளைகுடா அப்படியல்ல. புனல் போல உள்ளே போகப் போகக் குறுகுவதால் தண்ணீர் நெருக்கியடித்துக்கொண்டு ஏறுகிறது. காண்ட்லா பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 6 மீட்டருக்கும் மேல். அதாவது இரண்டு மாடிக் கட்டிட உயரம்! அவ்வளவு ஏறுகிற கடல் அதே அளவுக்கு இறங்கவும் வேண்டுமே. அப்படி இறங்கும்போது நராராவில் கடலின் அடித்தரை கண்ணெதிரே திறந்து கிடக்கிறது. சில மணி நேரம்தான். பிறகு மூடிக்கொள்ளும்.

நான் கோட்டை விட்ட கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு பௌர்ணமிக்கு துவாரகையில் இருக்க வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். பாஸ் எழுதி வாங்கி, லீவு சொல்லிப் புறப்பட்டோம். தரிசனம் முடிந்து, மறுநாள் ஜாம்நகர் திரும்பும் வழியில் நராரா பார்ப்பது என்று ஏற்பாடு. வாடகை வண்டிக்காரரிடம், "எத்தனை மணிக்குப் போகவேண்டும்?" என்று கேட்டேன். "எப்போது வேண்டுமானாலும் போகலாம் சாப், கடல் எங்கே ஓடிப் போகிறது?" என்றார். நானும் நம்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது பகல் ஒரு மணி. சோதனைச் சாவடியில் இருந்த வனக் காவலர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். எதிரே அலையாத்திச் செடிகளின் தலை மட்டும் தெரிய, ஒரே தண்ணீர்க்காடு. "காலையில் வந்திருக்க வேண்டும். இனி இருட்டிய பிறகுதான் வற்றும். இருட்டில் யாரையும் விட மாட்டோம்" என்றார். அன்று ராத்திரி எங்களுக்கு ரெயில். என் பெண், அப்போது ஏழு வயது, "ஆக்டோபஸ் எங்கேப்பா?" என்று ஜாம்நகர் வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். ரெயில்வேயில் வேலை பார்க்கிறவன். வண்டி நேரம் பார்க்காமல் ஸ்டேஷனுக்குப் போகாதவன். கடலின் நேரத்தை மட்டும் கேட்காமல் போய்விட்டேன்!

கடலின் டைம்டேபிள்

மராட்டியில் பர்தி, ஓஹோட்டி என்பதைத்தான் குஜராத்தியில் பரதி, ஓட் என்கிறார்கள். நமக்கு வேண்டியது ஓட், அதாவது வற்றம். ஒரு நாளில் இரண்டு முறை வற்றும். ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் பன்னிரண்டரை மணி நேரம். அதனால் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 8 மணிக்கு வற்றினால் நாளை 8.50, நாளை மறுநாள் 9.40. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக இறங்கும், வெகுதூரம் நடக்கலாம். அஷ்டமியை ஒட்டி இறக்கம் குறைவு, பார்ப்பதும் குறைவு.

ஆகவே நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள், ஓத அட்டவணையையும் பாருங்கள். சர்வே ஆஃப் இந்தியா ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. ஓகா, காண்ட்லா துறைமுகங்களின் நேரம் அதில் உண்டு. இப்போது கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். நராராவின் நேரம் ஓகாவின் நேரத்திலிருந்து கொஞ்சம் மாறும் என்பதால், ஜாம்நகரில் உள்ள கடல் தேசியப் பூங்கா வனத்துறை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

வற்றம் பகலில், அதுவும் காலை எட்டிலிருந்து பத்துக்குள் வரும்படியான நாளைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு லீவு, அதன் பிறகு டிக்கெட். முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அட்டவணையோ வருஷம் முழுவதற்கும் முன்கூட்டியே கிடைக்கிறது. எனவே நாளை முதலிலேயே முடிவு செய்து வைத்துக்கொண்டு, முன்பதிவு திறக்கும் அன்று காலையில் டிக்கெட் எடுத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கடல் ஒத்துக்கொள்ளாது.

ஊரிலிருந்து நேரே வருகிறவர்களுக்கும் வண்டி உண்டு. ராமேஸ்வரம்-ஓகா, தூத்துக்குடி-ஓகா வண்டிகள் இரண்டும் ஜாம்நகர் வழியாகத்தான் போகின்றன. ஒரு கடல் பூங்காவின் கரையில் ஏறி இன்னொன்றின் கரையில் இறங்கலாம்.

அனுமதியும் வண்டி நிறுத்தமும்

நராராவுக்கு அனுமதி வாங்குவது சிரமமில்லை. நுழைவிடத்தில் உள்ள வனத்துறைச் சாவடியிலேயே பெயர், ஊர் எழுதிக் கட்டணம் கட்டினால் சீட்டு கொடுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கட்டணம், வண்டிக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, வழிகாட்டிக்கு ஒன்று. தொகை அவ்வப்போது மாறும். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் அல்லது வாக்காளர் அட்டை அசலும் ஒரு ஜெராக்ஸும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். குழுவாகப் போகிறவர்கள் ஒருவர் கையில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் நேரம் மிச்சம்.

வண்டியைச் சாவடியில் காட்டும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். "இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாம்" என்று வாடகை வண்டிக்காரர் சொன்னாலும் சேற்று நிலத்தில் இறக்க விடாதீர்கள். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சேறு எப்படிப்பட்டது என்று தெரியும். அதற்கப்புறம் நடைதான். பூங்கா வாசலில் இறக்கிவிடும் பஸ்ஸை நம்பிப் போக முடியாது. ஜாம்நகரிலிருந்து வண்டி பேசிக்கொண்டு போவதே மேல். பேசும்போதே காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். ரிபைனரி காண்டிராக்ட் வேலையில் அந்தப் பக்கம் இருக்கும் நண்பர் யாராவது இருந்தால் இந்த விஷயத்தில் பெரிய உதவி.

பிரோட்டன் தீவு வேறு சமாசாரம். அதற்குப் படகு வேண்டும். வனத்துறையின் தனி அனுமதி இல்லாமல் காலடி வைக்க முடியாது. ஜாம்நகரில் யாராவது "படகு தயார், பணம் கொடுங்கள்" என்றால் முதலில் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். மழைக் காலத்தில் எந்தப் பக்கமும் போக வேண்டாம். அக்டோபருக்குப் பிறகு மார்ச் வரை வெயிலும் தாங்கும்.

இரண்டாம் முறை

அமாவாசை கழிந்து மூன்றாம் நாளாகப் பார்த்து மறுபடி போனோம். முதல் நாள் ஜாம்நகரில் தங்கல். கையில் பாதி நாள் மிச்சம் இருந்தது. ஊருக்கு வெளியே பக்கத்திலேயே இருக்கும் கிஜாடியா பறவைகள் சரணாலயத்தைப் பார்த்தோம். சாயங்காலம் ஏரிக்கரை பால அனுமான் கோவிலில் உட்கார்ந்தோம். 1964 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து இரவு பகல் ஓயாமல் ராம நாமம் சொல்லிக்கொண்டிருக்கும் கோவில் அது.

மறுநாள் விடிவதற்குள் கிளம்பி ஏழரை மணிக்கு நராரா. வற்றம் ஒன்பது மணிக்குச் சற்று முன்பு. வழிகாட்டி பையன் முன்னே நடக்க, தண்ணீரோடு கூடவே நாங்களும் கடலுக்குள் இறங்கினோம். முதலில் சேறு, பிறகு மணல், பிறகு பாறை. ஒரு கிலோ மீட்டருக்கு மேலேயே நடந்திருப்போம். பாறைப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீரில் மூளையைப் போல மடிப்பு மடிப்பாகப் பவளம். பச்சையும் ஊதாவுமாகக் கடல் சாமந்தி. கடல் அட்டை, நட்சத்திர மீன், நண்டு. ஒரு கல்லின் அடியில் என் பெண் கேட்ட ஆக்டோபஸ்! கல்லோடு கல்லாக இருந்தது, எங்கள் நிழல் பட்டதும் நிறம் மாறி நழுவிப் போயிற்று. அவள் வாய் திறக்கவில்லை. எனக்குக் கொடுத்த காசுக்கு அதுவே போதும்.

ஒரு விஷயம் மனசுக்குப் பிடிக்கவில்லை. எங்களுக்கு முன்னால் போன கூட்டத்துக்கு அவர்களுடைய வழிகாட்டி ஒரு பேத்தை மீனைத் தூக்கிக் காட்டினார். அது பயத்தில் பந்து போல உப்பியது. எல்லோரும் கை தட்டி, கையில் வாங்கிப் படம் எடுத்தார்கள். உப்புவது அந்த மீனுக்கு விளையாட்டு அல்ல, உயிர்ப் போராட்டம். எங்கள் பையனிடம், "எதையும் தூக்க வேண்டாம், விரலால் காட்டினால் போதும்" என்று சொன்னேன். அவனுக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. பவளத் துண்டையோ சங்கையோ பையில் போட்டுக்கொண்டு வருவதும் கூடாது. செத்த பவளமாக இருந்தாலும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விடாது. பூங்கா வருவதற்கு முன்பு இந்த வளைகுடாவில் சிமெண்டுக்காகப் பவள மணலை வாரினார்கள். சுண்ணாம்புக்குப் பாரை வெட்டி எடுத்துத் தீவுகளே கரைந்த கதை தூத்துக்குடிக்காரர்களுக்குத் தெரியாததல்ல.

கால் விஷயத்தில் கவனம் வேண்டும். செருப்பு ஆகாது, சேறு பிடுங்கிக்கொள்ளும். வெறுங்காலும் ஆகாது, பாறை கத்தி போல் வெட்டும், மணலுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும். நனைந்தாலும் பரவாயில்லை என்கிற பழைய கான்வாஸ் ஷூவும் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள். பெண்களுக்குப் புடவையைவிடச் சல்வார் வசதி. முழங்கால் வரை தண்ணீர் வரும் இடங்கள் உண்டு. மாற்றுத் துணியை வண்டியில் விட்டுச் செல்லுங்கள். குடிதண்ணீர், தொப்பி, ஏதாவது சாப்பாடு கூடவே இருக்கட்டும். உள்ளே கடை கிடையாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், வழிகாட்டி "திரும்பலாம்" என்றால் அந்த நிமிடமே திரும்புவது. கடல் முன்னாலிருந்து மட்டும் வருவதில்லை. தாழ்வான வாய்க்கால்கள் வழியாக முதுகுக்குப் பின்னாலும் ஏறி வரும். போகும்போது கணுக்கால் அளவு இருந்த வாய்க்கால், நாங்கள் திரும்பும்போது என் மனைவிக்கு முழங்காலுக்கு மேல் இருந்தது. அரை மணி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் ஜாம்நகர் வந்த பிறகுதான் கேட்டாள்.

வண்டி நிற்கும் இடத்துக்கு வந்து ஷூவைக் கழுவிக்கொண்டிருந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். துவாரகையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் பேசியது தமிழ். தாராவியாம். ஒரு பெரியவர் கடலைப் பார்த்துவிட்டு என்னிடம், "தம்பி, எப்ப தொறப்பாங்க?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலையில் ஒன்பதரை மணிக்கு மேலே ஐயா" என்றேன்.

அவர்களுக்கும் அன்று ராத்திரியே ரெயில்.